தலைவருக்குக் கைதட்டல் முக்கியமா, காரியத் திறமையா?

கட்சித் தலைவராக மக்கள் கொண்டாடுபவரா, காரியம் தெரிந்தவரா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: முதலில் வாக்கு விழவேண்டும், ஆனால் பக்கத்தில் கோப்பு வாசிக்கத் தெரிந்த ஆள் கட்டாயம்.

கொழும்பில் இருப்பவனுக்கு ஐக்கிய தேசியக் கட்சிதான் உடனே நினைவுக்கு வரும். 1994 முதல் தலைவர் ரணில் விக்கிரமசிங்க. பேரம், நிர்வாகம் எல்லாம் அத்துப்படி, கூட்டம்தான் கைதட்டாது. கைதட்டல் அதே கட்சியில் இருந்த சஜித் பிரேமதாசவுக்கு. 2019 ஜனாதிபதித் தேர்தலில் அவரை நிறுத்தினார்கள், தோற்றார். தலைமைச் சண்டை முற்றி, 2020 பொதுத் தேர்தலில் ஐக்கிய மக்கள் சக்தி என்ற புதுக் கட்சியாகத் தனியே போட்டியிட்டு 54 ஆசனம் எடுத்தார். தாய்க் கட்சிக்குத் தேசியப் பட்டியலில் (நாடு முழுக்கக் கிடைத்த வாக்கு விகிதப்படி கட்சிக்குக் கிடைக்கும் ஆசனம்) ஒன்றே ஒன்று!

அந்த ஒற்றை ஆசனத்தை வைத்துத்தான் ரணில் 2022 ஜூலையில், பதவி காலியானபோது, பாராளுமன்றத்தில் 134 வாக்கு எடுத்து ஜனாதிபதியானார். சாமர்த்தியம் என்றால் அது. அப்புறம் 2024 ஜனாதிபதித் தேர்தலில் மக்களிடம் போனபோது மூன்றாம் இடம். சஜித் இரண்டாவது, இருவரையும் தாண்டி வென்றவர் அநுர குமார திசாநாயக்க.