ஊசி போட்ட பிறகு வந்த தொந்தரவுகள்: சேலம், ஏற்காடு வாசகர்களுக்கு ஒரு செவிலியரின் பதில்கள்

கொரோனா சமயத்தில் சேலம் நகரிலும் ஏற்காடு மலைக் கிராமங்களிலும் தடுப்பூசி முகாம்களில் ஊசி போட்டவள் நான். இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டேன். ஊசிக்குப் பிறகு உடம்பில் என்ன வந்தது, இன்னும் என்ன சந்தேகம் இருக்கிறது என்று எழுதச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். யாருடைய தொந்தரவையும் பிரமை என்று தள்ளவில்லை. எல்லாரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஊசி போட்டு எத்தனை நாள் கழித்து ஆரம்பித்தது, எவ்வளவு நாள் இருந்தது?

அம்மாபேட்டை, தறி நெய்பவர்: 2021இல் கோவிஷீல்டு முதல் டோஸ் போட்ட அன்று ராத்திரி குளிரும் காய்ச்சலும் தூக்கிப் போட்டது. இரண்டு நாள் தறியில் உட்கார முடியவில்லை. இரண்டாவது டோஸுக்கு ஒன்றுமே இல்லை. என் மனைவிக்கு இரண்டுக்கும் காய்ச்சல் வரவில்லை. அப்படியானால் அவளுக்கு ஊசி வேலை செய்யவில்லையா?

வேலை செய்திருக்கும், கவலைப்படாதீங்க. கோவிஷீல்டில் இருப்பது சிம்பன்சிக்குச் சளி பிடிக்க வைக்கும் ஒரு வைரஸ். அது உடம்பில் பெருக முடியாதபடி மாற்றி, கொரோனா வைரஸின் முள்ளுப் புரதத்தைச் செய்யும் குறிப்பை அதில் ஏற்றியிருப்பார்கள். உள்ளே வந்தது நிஜமான எதிரி என்றுதான் உடம்பு நினைக்கும். அந்த எதிர்ப்பில்தான் அன்று ராத்திரியே குளிர், காய்ச்சல், உடம்பு வலி எல்லாம் வரும். ஒன்றிரண்டு நாளில் விட்டுவிடும். கோவிஷீல்டுக்கு முதல் டோஸில்தான் காய்ச்சல் அதிகம், இரண்டாவதில் குறைவு. வயதானவர்களை விட இளவயதுக்காரர்களுக்கு அதிகம். கோவாக்சின் செயலிழக்கச் செய்த முழு வைரஸ் என்பதால் அதற்குக் காய்ச்சல் பொதுவாகக் குறைவுதான். காய்ச்சலை வைத்து எதிர்ப்பு சக்தியை அளக்க முடியாது.

ஒன்று சொல்லணும். முகாமில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினாலும் பலர் அதைப் போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள். மாத்திரை போட்டால் ஊசி பலிக்காது என்று யாரோ கிளப்பிவிட்டது. காய்ச்சல் வந்த பிறகு பாராசிட்டமால் போட்டால் ஒரு குறையும் வராது.

ஏற்காடு மஞ்சக்குட்டை, காபித் தோட்டத் தொழிலாளி: ஊசி போட்ட மறுநாளிலிருந்து இடது தோளில் வலி. எல்லாருக்கும் இரண்டு நாளில் போயிற்று, எனக்கு மாதக்கணக்கில் போகவில்லை. கையைத் தூக்கி காபிப் பழம் பறிக்க முடியாமல் கூலி போனது. கேட்டால் 'ஊசி போட்டா வலிக்கத்தான் செய்யும்' என்றார்கள். இப்போதும் முழுசாகத் தூக்க வரவில்லை.

கண்ணு, உங்களிடம் அப்படிச் சொன்னது தப்பு. சாதாரண ஊசி வலி சதையில் இருக்கும். அமுக்கினால் வலிக்கும், மூன்று நாளில் ஆறும். உங்களுக்கு வந்தது மூட்டு வலி. ஊசியைப் போட வேண்டிய இடம் தோள்பட்டையின் நுனி எலும்பிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, சதை திரண்டு இருக்கும் பகுதி. அதற்கு மேலே போட்டுவிட்டால் மருந்து சதையில் இறங்காமல் மூட்டை ஒட்டிய திரவப் பையில் இறங்கிவிடும். அங்கே அழற்சி வரும். இரண்டு நாளுக்குள் ஆரம்பித்து, கையைப் பக்கவாட்டில் தூக்கவும் கொண்டை போடவும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகவும் விடாது. மருந்தால் வருவதல்ல இது; ஊசி குத்திய இடத்தால் வருவது. எந்தத் தடுப்பூசிக்கும் வரலாம்.

எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். வரிசை நீளமாக இருக்கும். ரவிக்கையின் கை இறுக்கமாக இருக்கும், மேலே சுருட்ட வராது. உடனே கழுத்துப் பக்கமிருந்து துணியை இழுத்து இறக்கி, தெரிகிற இடத்தில் குத்திவிடுவார்கள். தெரிகிற இடம் தோளின் உச்சிதான். அவசரத்திலும் ஒரு நிமிஷம் ஒதுக்கி, திரை போட்ட மறைவில் ரவிக்கைக் கையை கழற்ற வைத்திருந்தால் போதும்.

இப்போது செய்ய வேண்டியது: எலும்பு மூட்டு மருத்துவரிடம் போங்க. ஊசிக்கு அடுத்த நாளிலிருந்து வந்தது என்பதைச் சொல்லுங்க. பிசியோதெரபியை விடாமல் செய்தால் இத்தனை நாள் கழித்தும் பலருக்குக் கை மேலே வரும். சர்க்கரையும் பாருங்க. சர்க்கரை இருந்தால் தோள் இறுகிப்போவது அதிகம். அப்புறம், அடுத்த முறை எந்த ஊசி என்றாலும் அரைக்கை வைத்த தளர்வான துணி போட்டுக்கொண்டு போங்க.

சூரமங்கலம், ரயில்வே ஊழியர்: ஊசியால் ரத்தம் உறையலாம் என்று கோவிஷீல்டை உருவாக்கிய ஆஸ்ட்ராஜெனகா கம்பெனியே ஒப்புக்கொண்டதாக 2024இல் செய்தி வந்தது. நான் இரண்டு டோஸும் கோவிஷீல்டு. ரத்தக் கட்டு இருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் சோதனை எடுக்கவா? ஆஸ்பிரின் போடவா?

இரண்டும் வேண்டாம். பயப்படும் அளவுக்கு எதுவும் உங்களுக்கு மிச்சமில்லை, விவரமாகச் சொல்கிறேன்.

இந்தப் பக்க விளைவு நிஜம். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்து, அதே நேரத்தில் ரத்தமும் கட்டிக்கொள்ளும். சிலருக்கு மூளையின் ரத்தக் குழாயிலோ வயிற்றின் ரத்தக் குழாயிலோ கட்டும். தட்டணு சுரக்கும் ஒரு புரதத்துக்கு எதிராக உடம்பே எதிர்ப்பொருள் செய்வதுதான் காரணம். உயிரை எடுக்கக் கூடியது. குடும்பத்தில் ஒருவரை இப்படி இழந்தவர்களிடம் போய் 'லட்சத்தில் ஒன்று' என்று ஆறுதல் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் 2024இல் புதிதாகக் கண்டுபிடித்த ரகசியமும் இல்லை. 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பிய மருந்து முகமை இதைப் பக்க விளைவுப் பட்டியலில் சேர்த்தது. மே மாதம் நம் சுகாதார அமைச்சகமும் அறிவித்தது: மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கால் வீக்கம், விடாத தலைவலி, ஊசி போடாத இடத்திலும் ஊசி முனை அளவுச் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னது. அப்போது இந்தியாவில் பதிவானது 10 லட்சம் டோஸுக்கு 0.61. பிரிட்டனில் அதைவிடப் பல மடங்கு அதிகம். நம் ஊரில் எல்லாம் பதிவாகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இது வருவதென்றால் ஊசி போட்ட நான்காம் நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் வரும். வருஷங்கள் கழித்து வராது. டி-டைமர் சளி, காய்ச்சல், வயது என்று எதற்கும் ஏறும். அதைப் பார்த்து நீங்கள் தூக்கம் கெட்டதுதான் மிச்சமாகும். காரணமில்லாமல் ஆஸ்பிரின் போட்டால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம்.

கொண்டலாம்பட்டி, இருபதுகளில் உள்ள ஒருவர்: ஜிம்மில் கூட வந்த பையன் திடீரென்று இறந்துவிட்டான். எல்லாம் ஊசியால் என்கிறார்கள். விவேக் சாரும் ஊசி போட்ட மறுநாள்தானே?

நண்பனை இழந்திருக்கிறீங்க தம்பி, மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்யும். விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி போய்விட்டார். அந்தச் சமயம் எங்கள் முகாம்கள் வெறிச்சோடின. மத்திய அரசின் நிபுணர் குழு விசாரித்து, ஊசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு வந்தது அக்டோபரில். வதந்தி ஒரே நாளில் மலைக் கிராமங்கள் வரை ஏறிவிட்டது. பதில் ஏறுவதற்குள் இரண்டாம் அலை பலரைக் கொண்டுபோய்விட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இளவயதுத் திடீர் மரணங்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆராய்ந்து 2023இல் வெளியிட்டது. 18 முதல் 45 வயது, 47 மருத்துவமனைகள். ஊசியால் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. இரண்டு டோஸ் போட்டவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. ஆபத்தைக் கூட்டியவை வேறு: கோவிட்டால் மருத்துவமனையில் படுத்தது, குடும்பத்தில் திடீர் மரணம், இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் அளவுக்கு மீறிய குடி, போதைப்பொருள், அல்லது கடும் உடற்பயிற்சி. உங்கள் அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால், எடை தூக்குவதற்கு முன் ஒரு இசிஜி, எக்கோ பார்த்துவிடுங்க.

அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவி: ஊசி போட்ட மாதம் மாதவிலக்கு தள்ளிப்போனது.

பலருக்கு நடந்தது. சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகத் தள்ளி, ஒன்றிரண்டு மாதத்தில் பழையபடி ஆனதாக ஆய்வுகள் சொல்கின்றன. கருத்தரிப்பைப் பாதிக்காது. இன்றும் ஒழுங்கில்லை என்றால் தைராய்டும் கர்ப்பப்பை ஸ்கேனும் பாருங்க.

சிவதாபுரம், கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்: ஊசிக்கு முன்னால் எனக்கு எந்த நோயும் இல்லை. போட்ட பிறகுதான் சர்க்கரை வந்தது. ஊசியால் வந்தது என்பதால் மாத்திரை போடாமல் கசாயத்தில் சரி செய்யப் பார்க்கிறேன்.

இந்தக் கடிதம்தான் எனக்கு அதிக பயத்தைக் கொடுத்தது. ஊசிக்கு முன்னால் எப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தீங்க? முகாமுக்கு வந்த நாற்பது வயதுக்காரர்களில் பலர் அதற்கு முன் பிரஷர்கூடப் பார்த்ததில்லை. சர்க்கரை சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் உள்ளே இருக்கும். காய்ச்சலின்போது சில நாள் ஏறி இறங்கலாம்; கோவிட் வந்து ஸ்டீராய்டு போட்டிருந்தாலும் ஏறும். உட்கார்ந்தே பற்றவைக்கிற வேலை, நேரம் கெட்ட சாப்பாடு, இவற்றையும் கணக்கில் எடுங்க.

காரணம் எதுவாக இருந்தாலும் சர்க்கரை செய்கிற சேதம் ஒன்றுதான்: கண், கிட்னி, கால். நுணுக்க வேலை செய்கிறவருக்குக் கண் போனால் பட்டறையே போச்சு. இந்த வாரமே மூன்று மாத சராசரிச் சர்க்கரை பாருங்க, மாத்திரையை ஆரம்பிங்க. ஊசி மேல் உள்ள கோபத்தை உங்கள் உடம்பு மேல் காட்டாதீங்க.

ஆத்தூர்: முடி கொட்டியது, ஊசியா?

பெரும்பாலும் கோவிட் காய்ச்சல். கடும் காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும், மறுபடி வளரும்.

ஓமலூர்: எனக்கு வந்த தொந்தரவை யாருமே எழுதிக்கொள்ளவில்லை. இப்போது எங்கே சொல்வது?

எழுதியிருக்க வேண்டும். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போடக் கூடாது என்றதோடு, பக்க விளைவை மக்களே பதிவு செய்ய வழி வேண்டும் என்று சொன்னது. மருந்துப் பக்க விளைவுக்கான தேசிய இலவச எண் 1800-180-3024. ஊசிச் சான்றிதழ், தொந்தரவு தொடங்கிய தேதி, பார்த்த மருத்துவரின் சீட்டு மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்க.

ஏற்காடு நாகலூர்ப் பக்கம், ஒரு மகள்: கோவிட் ஊசிக்கு அம்மாவுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. அதிலிருந்து எந்த ஊசியும் வேண்டாம் என்கிறார். நேற்று நாய் காலில் கடித்து ரத்தம் வந்தது. காபித் தூள் வைத்துக் கட்டியிருக்கிறார்.

இதைப் படித்தவுடன் கிளம்புங்க கண்ணு. கட்டைப் பிரித்து, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு கால் மணி நேரம் கழுவுங்க. தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே முதல் ஊசி, அப்புறம் 3, 7, 28ஆம் நாள். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் கேளுங்க; அங்கே இல்லை என்றால் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு இறங்கிவிடுங்க. அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்க: அன்று வந்த காய்ச்சல் உண்மை, ஆனால் இது வேறு மருந்து, வந்தாலும் லேசான வலியோ காய்ச்சலோதான் வரும். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை. இருபது வளைவும் இறங்கி வந்தாலும் நான் கூட நின்று போட வைக்கிறேன்.