செண்டைக் கோல் வளைந்தது ஏன்? எந்த ஷட்டரை எப்போது போடலாம்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாம் எடுப்பேன். பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் ஆர்டர் வரும். போன வருடம் 33 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா ஒன்று வாங்கினேன். ஷட்டர் தேயக்கூடாது என்று எப்போதும் எலெக்ட்ரானிக் ஷட்டரிலேயே எடுக்கிறேன். மண்டபத்தில் எடுத்த படங்களில் முகத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழுகிறது. நென்மாறை வேலா திருவிழாவுக்குப் போய் எடுத்த செண்டை மேளப் படங்களில் கோல் எல்லாம் வளைந்து கிடக்கிறது. ஷட்டர் ஸ்பீடை 1/4000 வரை ஏற்றிப் பார்த்தும் சரியாகவில்லை. கேமராவில் கோளாறா? இதை விற்றுவிட்டு விலை கூடிய பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) வாங்கு என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. விற்கவும் வேண்டாம், இப்போதைக்கு. மெனுவில் ஷட்டர் டைப் என்று இருப்பதை மெக்கானிக்கலுக்கு மாற்றினாலே உங்கள் புகாரில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். ஆனால் ஏன் தீர்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் மீதிக் கால்வாசியைச் சமாளிக்க முடியும்.

1/4000 வைத்தும் கோல் வளைகிறதே என்று குழம்பியிருக்கிறீர்கள். பல வருடம் தொழிலில் இருப்பவர்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. ஷட்டர் ஸ்பீடு என்பது சென்சாரின் (படத்தைப் பதியும் சில்லின்) ஒவ்வொரு வரியும் எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்குகிறது என்பது மட்டும்தான். எல்லா வரியும் ஒரே நேரத்தில் வாங்குகிறதா என்பது வேறு கணக்கு. எலெக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் வரி வரியாகத்தான் படிக்கப்படுகிறது. முதல் வரி தொடங்கி கடைசி வரி முடிய ஆகும் நேரத்தை ரீட்-அவுட் என்பார்கள். உங்கள் ரகத்துச் சாதாரண 33 மெகாபிக்சல் சென்சாரில் இது ஏறக்குறைய 1/15 விநாடி, அதாவது 66 மில்லி விநாடி. ஷட்டர் ஸ்பீடை 1/4000 ஆக்கினாலும் 1/8000 ஆக்கினாலும் இந்த 66 அப்படியேதான் இருக்கும். ஒவ்வொரு வரியும் கூர்மையாக விழும், ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் விழும். ஜெராக்ஸ் மெஷினில் விளக்கு நகரும்போது பேப்பரை லேசாக இழுத்தால் எழுத்து கோணிக்கொள்ளுமே, அதே சங்கதிதான்.

செண்டைக் கோலையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபிரேமின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கோல் அடைத்திருக்கிறது என்று வையுங்கள். அந்தப் பகுதியைப் படித்து முடிக்க உங்கள் சென்சாருக்கு 13 மில்லி விநாடி வேண்டும். மேளம் உச்சத்தில் இருக்கும்போது கோலின் நுனி விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால்கூட, அந்த 13 மில்லி விநாடிக்குள் நுனி ஆறரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கோலின் அடியைப் படித்தபோது நுனி ஓர் இடத்தில், நுனியைப் படித்தபோது இன்னோர் இடத்தில். படத்தில் அது வளைவாகத் தெரிகிறது. பிடித்திருக்கும் கையைப் பாருங்கள், அது நேராகவே இருக்கும், ஏனென்றால் மணிக்கட்டு அவ்வளவாக நகர்வதில்லை.

மெக்கானிக்கல் ஷட்டரும் ஒரேயடியாகத் திறந்து மூடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள். முதல் திரை இறங்கும், பின்னாலேயே இரண்டாவது திரை துரத்திக்கொண்டு வரும். வேகமான ஷட்டர் ஸ்பீடில் இரண்டுக்கும் நடுவே ஒரு கீற்றுதான் சென்சார் மேல் ஓடுகிறது. ஆக அதுவும் வரி வரியாகத்தான் வெளிச்சம் விடுகிறது. வித்தியாசம் வேகத்தில். திரை சென்சாரைக் கடக்க மூன்று நான்கு மில்லி விநாடிதான் ஆகும். அதே கோல் கணக்கில் நுனி நாலு மில்லிமீட்டர் நகரும், கண்ணுக்குத் தெரியாது. எலெக்ட்ரானிக் என்றால் புதுசு, வேகம், மெக்கானிக்கல் என்றால் பழசு, மெதுவு என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் பாடியில் நிலவரம் நேர்மாறு.

கேமராவை நெட்டையாகப் பிடித்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். படுக்கைவாக்கில் பிடித்து எடுத்தால் தத்தமங்கலம் குதிரை ஓட்டத்தில் பக்கவாட்டில் பாயும் குதிரை சாய்ந்து தெரியும். நெட்டையாகப் பிடித்தால் சாயாது, நீளும் அல்லது குறுகும். எது என்பது குதிரை எந்தப் பக்கம் ஓடுகிறது, சென்சார் எந்தப் பக்கத்திலிருந்து படிக்கிறது என்பதைப் பொறுத்தது. நாலு கால் பாய்ச்சலில் ஒரு குதிரை மட்டும் குட்டையாக வந்தால் காரணம் இதுதான்.

சரி, உங்கள் கேமராவின் ரீட்-அவுட்டை நீங்களே அளந்துவிடலாம், செலவில்லாமல். பழைய சோக் போட்ட டியூப்லைட் எங்காவது இருக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு இரண்டு முறை பிரகாசமாகும், ஆக விநாடிக்கு 100 துடிப்பு. ஒரு துடிப்புக்கு 10 மில்லி விநாடி. இரவில் மற்ற விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, அந்த டியூப்லைட் வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரை எலெக்ட்ரானிக் ஷட்டரில், 1/1000 ஸ்பீடில், ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) ஏற்றி எடுங்கள். படத்தில் கறுப்புப் பட்டைகள் வரிசையாக வரும். எண்ணிக்கையைப் பத்தால் பெருக்குங்கள், ரீட்-அவுட் மில்லி விநாடியில் வந்துவிடும். உங்களுக்கு ஆறோ ஏழோ வரும். அப்புறம் மெக்கானிக்கலுக்கு மாற்றி அதே சுவரை எடுங்கள். பட்டை வரிசை இருக்காது. ஆனால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்த படம் மங்கலாகவும் வரும், சில படத்தில் ஒரு ஓரம் மட்டும் மங்கும். திரை ஓடும் நாலு மில்லி விநாடியில் முழுத் துடிப்பு அடங்குவதில்லை, துடிப்பின் எந்தத் துண்டு சிக்குகிறதோ அதுதான் படம்.

மண்டபத்துப் பட்டைக்கும் காரணம் இதுவே. அங்கே இரண்டு வகை வில்லன்கள். மலிவான எல்இடி பல்புகளும் அலங்கார சீரியல் செட்டுகளும் மின்சாரத்தோடு சேர்ந்து மெதுவாகத் துடிப்பவை. இதற்கு மருந்து எளிது: ஷட்டர் ஸ்பீடை 1/100 அல்லது 1/50-ல் வையுங்கள். ஒவ்வொரு வரியும் முழுத் துடிப்புகளை வாங்கிவிடுவதால் எந்த ஷட்டரானாலும் பட்டை மறையும். அசைவு அதிகம், 1/250-க்குக் கீழே குறைக்க முடியாது என்றால் மெக்கானிக்கல் ஷட்டரோடு ஆன்டி-ஃபிளிக்கரை ஆன் செய்யுங்கள். விளக்கு பிரகாசமாக இருக்கும் கணத்துக்குக் காத்திருந்து கேமரா சொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு தாமதம் வரும், தாலி கட்டும் நேரத்தில் அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இரண்டாவது வில்லன் மேடைக்குப் பின்னால் சுவர் போல வைக்கும் எல்இடி திரை. இது விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை துடிப்பது. எலெக்ட்ரானிக் ஷட்டரில் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள், மெக்கானிக்கலில் கொஞ்சம் குறைவாக, ஆனால் அங்கேயும் கோடு விழும். இங்கே ஷட்டர் வகையை மாற்றுவதைவிட ஸ்பீடைக் குறைப்பதுதான் பலன் தரும். 1/100-ல் ஒவ்வொரு வரிக்குள்ளும் பல துடிப்புகள் அடங்கிவிடும், ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்குப் படாது. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நிற்கும்போது 1/100 போதும், நகர்ந்தால்கூட. சில பாடிகளில் இதற்கென்றே ஷட்டர் ஸ்பீடைப் புள்ளி புள்ளியாக மாற்றும் வசதி இருக்கிறது. சோனியில் வேரியபிள் ஷட்டர் என்று பெயர். உங்கள் மெனுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபிளாஷ் போடுகிறவர் என்றால் கேள்விக்கே இடமில்லை, மெக்கானிக்கல்தான். ஃபிளாஷ் மின்னும் நொடித்துளியில் சென்சாரின் எல்லா வரியும் திறந்திருக்க வேண்டும். மெக்கானிக்கலில் 1/200, 1/250 வரை அப்படித் திறந்திருக்கும். 1/15 ரீட்-அவுட் உள்ள சென்சாரில் எல்லா வரியும் சேர்ந்து திறந்திருக்க ஷட்டர் ஸ்பீடு 1/15-க்கும் கீழே போக வேண்டும். அதனால்தான் இந்த ரகப் பாடிகள் எலெக்ட்ரானிக்கில் ஃபிளாஷையே அனுமதிப்பதில்லை. நீங்கள் ஃபிளாஷ் போடாவிட்டாலும் தப்ப முடியாது. பக்கத்தில் நிற்கும் இன்னொரு போட்டோகிராபர் ஃபிளாஷ் அடித்தால் உங்கள் படத்தில் குறுக்கே ஒரு பட்டை மட்டும் வெளுத்துப் போயிருக்கும், கரெக்‌ஷனில் சரிசெய்ய முடியாத பட்டை. பாலக்காட்டுப் பக்கம் முகூர்த்தத்துக்கு இரு வீட்டாரும் தனித்தனி டீம் வைப்பது வழக்கமாகிவிட்டதே, அங்கே இது கட்டாயம் நடக்கும்.

அப்படியானால் எலெக்ட்ரானிக் எதற்கு? சத்தமில்லாமல் எடுப்பதற்கு. கல்பாத்தி சங்கீத உற்சவத்தில் ஆலாபனை நடக்கும்போது முன்வரிசையில் உட்கார்ந்து கடகட என்று எடுக்க யாருக்கு மனம் வரும்? ஹோமத்தின் நடுவே, தூங்கும் குழந்தையின் தொட்டில் அருகே, மேடைப் பேச்சில், எலெக்ட்ரானிக்கைப் போடுங்கள், 1/100 வையுங்கள். பாடகர் முகம், தம்புரா, வயலின் வில்லின் மெதுவான இழுப்பு எல்லாம் நேராக வரும். மிருதங்கத்துக்காரர் தனி ஆவர்த்தனத்தில் இறங்கும்போது மட்டும் விரல்கள் கோணும். வெளியே வெயிலில் எஃப் 1.4 லென்ஸை முழுக்கத் திறந்து எடுக்க 1/8000-க்கு மேல் வேண்டுமென்றாலும் எலெக்ட்ரானிக்தான் வழி, சில கேமராக்களில் 1/32000 வரை போகும். ஒன்று மட்டும்: வேகமாகப் படிக்க வேண்டி எலெக்ட்ரானிக்கில் 14 பிட்டுக்குப் பதில் 12 பிட்டில், அதாவது வெளிச்சப் படிகளைக் குறைத்து, பதிவு செய்யும் பாடிகளும் உண்டு. குத்துவிளக்கு வெளிச்சத்தில் எடுத்து நிழலை ஏற்றும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

மெனுவில் மூன்றாவதாக எலெக்ட்ரானிக் ஃபிரண்ட் கர்ட்டன் என்று ஒன்று இருக்கும். தொடக்கத்தைச் சென்சார் பார்த்துக்கொள்ளும், முடிவைத் திரை மூடும். நான் சாதாரணமாகப் பரிந்துரைப்பது இதைத்தான். முதல் திரை அடிக்கும் அதிர்வு இல்லாததால் டெலி லென்ஸில் 1/100 சுற்றுவட்டாரத்தில் எடுக்கும் படங்கள் கூர்மையாக வரும், ஃபிளாஷும் வேலை செய்யும், கோலும் வளையாது. ஒரே குறை: எஃப் 1.4, 1.8-ல் லென்ஸைத் திறந்து 1/2000-க்கு மேல் போனால் பின்னணியில் மங்கும் விளக்கு வட்டங்கள் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு வரும். வெயிலில் அவுட்டோர் எடுக்கும்போது முழு மெக்கானிக்கலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி ஷட்டர் தேயும் என்ற பயம். இது கொஞ்சம் மிகையான பயம் என்பது என் அபிப்பிராயம். நல்ல பாடிகளில் தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு 2 லட்சம் முதல் 5 லட்சம் சொடுக்கு வரை. அது காலாவதித் தேதி இல்லை, சோதனையில் தாங்கிய அளவு. தாண்டி ஓடுபவையும் நிறைய. ஒரு கல்யாணத்துக்கு 2,500 படம், வருடத்துக்கு 40 கல்யாணம் என்றாலும் வருடம் ஒரு லட்சம். அதற்குள் உங்களுக்கே அடுத்த பாடி மேல் ஆசை வந்துவிடும். ஷட்டர் போனாலும் மாற்றிக்கொள்ளலாம், பாடி விலையில் சிறு பங்குதான் ஆகும். வாடிக்கையாளருக்குப் பட்டை விழுந்த ஆல்பம் கொடுத்து மிச்சம் பிடிக்க வேண்டிய பொருள் இல்லை அது. உண்மையில் பயப்பட வேண்டியது டிஜே மேடை லேசருக்கு. மிரர்லெஸ்ஸில் வியூஃபைண்டருக்காகச் சென்சார் எப்போதும் திறந்தே இருக்கிறது, எந்த ஷட்டர் போட்டிருந்தாலும். லேசர் நேராக லென்ஸில் பட்டால் சென்சாரில் கோடு நிரந்தரமாகத் தங்கிவிடலாம். அந்த நேரத்தில் லென்ஸைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

விலை கூடிய பாடி விஷயத்துக்கு வருவோம். அதில் நீங்கள் காசு கொடுப்பது ஸ்டேக்டு சென்சாருக்கு. பிக்சலுக்குப் பின்னால் மெமரியும் சர்க்யூட்டும் அடுக்கியிருப்பதால் மளமளவென்று படித்துவிடும். 2017-ல் சோனி ஏ9 இதை 1/160 விநாடி அளவுக்குக் கொண்டுவந்தது. 2021-ல் வந்த நிக்கான் இசட்9-ல் ரீட்-அவுட் நாலு மில்லி விநாடிக்குள் இறங்கிவிட்டதால் மெக்கானிக்கல் ஷட்டரையே எடுத்துவிட்டார்கள். 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III இன்னும் ஒரு படி மேலே: குளோபல் ஷட்டர், எல்லா வரியும் ஒரே கணத்தில். 1/80000 வரை போகும், எந்த ஸ்பீடிலும் ஃபிளாஷ் அடிக்கலாம். அதற்கு விலையாக அடிப்படை ஐஎஸ்ஓ 250-ல்தான் தொடங்குகிறது.

கல்யாணத்துக்கு இதெல்லாம் அவசியமில்லை. நெல்லியாம்பதியில் இருவாச்சி பறக்கும்போது சத்தமே இல்லாமல், சிறகு கோணாமல், விநாடிக்கு 20 படம் வேண்டும் என்றாலோ, காளைப்பூட்டுப் பந்தயமும் குதிரை ஓட்டமும் உங்களுக்குச் சோறு போடுகிறது என்றாலோ யோசிக்கலாம். வாங்கும்போது விற்பனையாளர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்காமல் விவரப் பட்டியலில் ஒரு வரியைத் தேடுங்கள்: எலெக்ட்ரானிக் ஷட்டரில் ஃபிளாஷ் சிங்க் (ஃபிளாஷ் ஒத்துழைக்கும் உச்ச ஷட்டர் ஸ்பீடு) எவ்வளவு? சோனி ஏ1-ல் 1/200, கேனான் ஆர்3-ல் 1/180 என்று போட்டிருப்பார்கள். அந்த எண் இருந்தால் சென்சார் அந்த வேகத்திலாவது படிக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக்கலுக்கு மட்டும் எண் போட்டு, எலெக்ட்ரானிக்கில் ஃபிளாஷ் கிடையாது என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் உங்கள் கையில் இப்போது இருக்கும் ரகம்தான், பேட்ஜ் என்னவாக இருந்தாலும்.