கதை இல்லாத வீட்டில் என்ன நடக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிரிட்டனின் தலைசிறந்த நகைச்சுவைத் தொடர்களில் ஒன்றாக ‘தி ராய்ல் ஃபேமிலி’யைச் சொல்கிறார்கள். சில பகுதிகளைப் பார்த்தேன். ஒரு குடும்பம் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறது. கதையே இல்லாத இந்தத் தொடரில் அப்படி என்ன சிறப்பு?

பதில்: கதை இல்லை என்பது உண்மைதான், அதை வேண்டுமென்றே விலக்கியிருக்கிறார்கள். 1998-இல் பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசையில் தொடங்கிய இத்தொடர், மான்செஸ்டரில் வாழும் ஒரு தொழிலாளர் குடும்பத்தின் வரவேற்பறையை விட்டுப் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. பார்வையாளர்களை அரங்கில் அமர்த்தி, அவர்களின் சிரிப்பொலியோடு நகைச்சுவைத் தொடர்களைப் பதிவு செய்வதே அன்றைய வழக்கமாக இருந்தது. கிரெய்க் கேஷுடன் சேர்ந்து இதை எழுதி, மகள் டெனிஸாக நடித்தும் இருக்கும் கரோலின் அஹெர்ன் அந்த வழக்கத்துக்கு உடன்படவில்லை. எங்கே சிரிக்க வேண்டும் என்று சுட்டிக்காட்ட ஆளில்லாதபோது, ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் இடையே விழும் மௌனமும், தேநீர் போடச் சொன்னால் யார் எழுவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் தயக்கமும், திரையை விட்டு அகலாத கண்களுமே நகைச்சுவையாகிவிடுகின்றன. முதல் பகுதியில் தந்தை ஜிம் தொலைபேசிக் கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டாரை விசாரிக்கும் இடத்தை மறுபடி பாருங்கள். அவர் வேலைக்குப் போவதில்லை. மனைவி பார்பரா ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறார். பணம் போதவில்லை என்று ஒருவரும் புலம்பாமலே அந்த வீட்டின் வரவு செலவு நமக்குத் தெரிந்துவிடுகிறது.

கேள்வி: தொழிலாளர்களைச் சோம்பேறிகளாகக் காட்டி நடுத்தர வர்க்கத்தைச் சிரிக்க வைக்கும் தொடர் அல்லவா இது?

பதில்: முதல் மூன்று தொகுப்புகளைப் பொறுத்தவரை இதை நான் ஏற்கவில்லை. மான்செஸ்டரின் நெரிசலான குடிசைப் பகுதிகளிலிருந்து வந்தவர்களுக்காக மாநகராட்சி உருவாக்கிய விதன்ஷா குடியிருப்பில் வளர்ந்தவர் அஹெர்ன். ஜிம்மாக நடித்த ரிக்கி டாம்லின்சன் சுவர்ப் பூச்சு வேலை செய்தவர். 1972 கட்டடத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் பங்கேற்றதற்காகச் சிறை சென்றவர். அந்தத் தீர்ப்பு 2021-இல்தான் ரத்தானது. பிறப்பும் அனுபவமும் மட்டுமே ஒரு படைப்பை நேர்மையானதாக ஆக்கிவிடா என்றாலும், இத்தொடரின் கேலி மேலிருந்து கீழே பார்ப்பதில்லை. ஜிம் சோம்பேறி, கஞ்சர், வாய்த்துடுக்கு மிகுந்தவர். இவற்றில் எதையும் தொடர் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் 1999 கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியில், பேறுகால வலி தொடங்கி அஞ்சி நிற்கும் டெனிஸுக்கு அருகில் குளியலறைத் தரையில் அமர்ந்து ஆறுதல் சொல்பவரும் இதே ஜிம்தான். எந்நேரமும் எல்லாரையும் இகழ்ந்து பேசும் ஒருவர் அங்கே சொல்லற்றுத் தடுமாறுவதைக் காட்ட, வர்க்க ஏளனத்தை மட்டும் நம்பும் எழுத்தால் முடியாது.

ஆனால் 2006-க்குப் பின் வந்த சிறப்புப் பகுதிகளுக்கு உங்கள் குற்றச்சாட்டு ஓரளவு பொருந்தும். டெனிஸும் அவள் கணவன் டேவும் அவற்றில் வெறும் மந்தமானவர்களாகச் சுருங்கிவிட்டனர்.

கேள்வி: புதிதாகப் பார்ப்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: முதல் தொகுப்பின் ஆறு பகுதிகளையும் வரிசையாகப் பாருங்கள்; இடையில் நுழைந்தால் உங்களுக்குத் தோன்றிய அலுப்பே தோன்றும். பிறகு மேலே சொன்ன கிறிஸ்துமஸ் பகுதி. அதன்பின், லிஸ் ஸ்மித் நடித்த பாட்டியின் இறுதி நாட்களைச் சொல்லும் 2006-ஆம் ஆண்டுப் பகுதி. அதற்கு மேல் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை.