குருதி போகுமுன்னரே அந்த ஊசியைப் போடலாமா?

கேள்வி: முதல் பிள்ளைப்பேற்றில் தங்கச்சிக்குக் கடுமையாகக் குருதி போய், குருதி ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். இப்போது ஏழு மாதம். நெடுந்தீவில் இருக்கிறாள், ஹீமோகுளோபின் 9. குருதிப்போக்கை மட்டுப்படுத்தும் ரனெக்சாமிக் அசிட் ஊசியை இம்முறை முன்கூட்டியே போடச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: அதனால் பயன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 2023இல் வெளியான வுமன்-2 ஆய்வில், குருதிச்சோகை உள்ள சுமார் 15,000 தாய்மாரைச் சேர்த்து, பிள்ளை பிறந்த கையோடு, குருதிப்போக்குத் தொடங்குமுன் இந்த ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். போக்குக் குறையவில்லை.

போக்குத் தொடங்கிவிட்டால் அதே ஊசி உயிர் காக்கும். 21 நாடுகளில் 20,000 பேரிடம் நடந்த முதல் வுமன் ஆய்வில் (2017), பிள்ளை பிறந்து மூன்று மணித்தியாலத்துக்குள் ஊசி பெற்றவர்களில் குருதி போய் இறந்தவர்கள் 1.2 சதவீதம், பெறாதவர்களில் 1.7. ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பயனில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். மூன்று மணித்தியாலம் தாண்டினால் ஒன்றும் மிஞ்சாது. 1 கிராமை 10 நிமிடமெடுத்து நாளத்தில் ஏற்றுவார்கள். வேகமாக ஏற்றினால் இரத்த அழுத்தம் விழும். 30 நிமிடத்தின் பின்னும் நிற்காவிட்டால் இன்னொரு கிராம்.

இந்த மருந்து உறைந்த குருதி கரையாமல் காக்குமே தவிர, கருப்பையைச் சுருக்காது. நஞ்சுக்கொடி கழன்ற இடத்துக் குழாய்களை நெரித்து மூடுவது கருப்பைத் தசைதான். பெரும்பாலான போக்கு அந்தத் தசை தளர்வதால்தான் வருகிறது. ஆகவே எல்லாத் தாய்மாருக்கும் முன்கூட்டியே தேவைப்படுவது, பிள்ளை பிறந்ததும் போடும், கருப்பையைச் சுருக்கும் 10 அலகு ஒக்ஸிரோசின் ஊசி.

தங்கச்சிக்கு இப்போது அவசரம் ஹீமோகுளோபின்தான். 11க்குக் கீழே என்றாலே சோகை. இரும்புக் குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுக்கட்டும். பிளேன்ரீயும் கல்சியக் குளிசையும் அதை உறிஞ்ச விடாது. இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். அப்படியும் ஏறாவிட்டால், இரும்பை நாளத்தில் ஏற்றலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். போன முறை எத்தனை பைன்ற் ஏற்றினார்கள், நஞ்சுக்கொடி தங்கியதா, கிழிவு இருந்ததா என்பதை மகப்பேற்று நிபுணரிடம் சொல்லுங்கள். காரணத்தைப் பொறுத்தே ஆயத்தம் மாறும்.

குத்து வந்தபின் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வள்ளம் தேடுவது கூடவே கூடாது. குருதி வங்கியும் சத்திரசிகிச்சைக் கூடமும் உள்ள யாழ்ப்பாணத்தில், 37ஆம் கிழமைக்கு முன்னரே உறவினர் வீட்டுக்கு வந்துவிடட்டும். திரும்பும் நாளையும் அவசரப்படுத்த வேண்டாம். வீட்டில் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பாட் முழுதும் நனைந்தாலோ, தலைசுற்றி வியர்த்தாலோ உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.