சிஎன்சி ரவுட்டருக்கு ஆடாத மேசை – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணை, நான் கொக்குவில். பெயர்ப் பலகை, சாமிப்பட பிரேம் மாதிரி வேலையளுக்கு எண்டு 6040 அளவு (600க்கு 400 மில்லிமீற்றர் இடத்தில வெட்டுறது) சின்ன சிஎன்சி ரவுட்டர், அதாவது கம்பியூட்டர் சொல்லுற மாதிரி மரம் செதுக்கிற மெசின், ஒண்டு வாங்கினனான். இப்ப அது வீட்டுப் பழைய சாப்பாட்டு மேசையில நிக்குது. கான்ட்ரி (வெட்டுற மோட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடுற பாலம்) திரும்பேக்க எல்லாம் மேசையும் சேர்ந்து ஆடுது, எழுத்து ஓரங்களில அலை அலையா கோடு விழுது. ஒருத்தர் இரும்பில அடி எண்டுறார், இன்னொருத்தர் மேல்பலகையை ரெண்டு இஞ்சி மொத்தத்தில போடு, காணும் எண்டுறார். ஆற்ற சொல்லைக் கேக்கிறது?

பதில்: தம்பி, ரெண்டு பேருக்கும் காசு குடுக்க முன்னம் ஒரு வேலை செய்து பாருங்கோ. மெசினைத் தூக்கி சீமெந்து நிலத்தில வையுங்கோ, நாலு மூலையும் நிலத்தில பதியிற மாதிரி தகரமோ மட்டையோ செருகி, அதே பைல், அதே வெட்டுற பிட், அதே மரத்துண்டில திருப்பி ஓட விடுங்கோ. அலை போயிட்டுதெண்டா குற்றம் மேசையில. அப்பிடியே கிடக்குதெண்டா எவ்வளவு பெரிய மேசை அடிச்சும் பிரயோசனம் இல்லை, பிட் மழுங்கியிருக்கும், பிட்டைக் கவ்வுற கொலட் சரியா பிடிக்காமல் இருக்கும், இல்லாட்டி கான்ட்ரியை நகர்த்துற ஸ்குரூவையும் மோட்டரையும் சேர்க்கிற கப்ளிங் லூசாய் இருக்கும். வட்டம் வெட்டேக்க நீள்வட்டமா வருதெண்டாலும் மேசையைப் பேசாதேங்கோ, அது கூடுதலாய் மெசினுக்குள்ள இருக்கிற பாக்லாஷ், அதாவது ஸ்குரூவுக்கும் அதின்ட நட்டுக்கும் இடையில இருக்கிற லூசு.

சரி, மேசைதான் எண்டு தெரிஞ்சிட்டுது எண்டு வைப்பம். சாப்பாட்டு மேசை பாரம் தாங்கத்தான் செய்தது, நாலு பேர் ஏறி நிண்டாலும் ஒண்டும் செய்யாது, ஆனா கான்ட்ரி ஒரு பக்கம் ஓடி நிண்டு மற்றப் பக்கம் திரும்பேக்க வாற தள்ளு மேலயிருந்து கீழ வாறதில்லை, பக்கவாட்டில வருது. அந்தத் தள்ளுக்கு அந்த மேசையில இருக்கிறது காலும் மேல்சட்டமும் சேருற நாலு மூட்டு மட்டும்தான். அதனாலதான் மேல்பலகையை ரெண்டு இஞ்சி போட்டாலும் ஆட்டம் போகாது, மொத்தப் பலகை அப்பிடியே இருக்கும், கால் கீழ சாயும். எங்கட ஊர்ப் படலையளைப் பாருங்கோ, ஒரு சட்டம் மூலைக்கு மூலை சாய்ச்சு அடிச்சிருப்பினம், அது இல்லாட்டி ரெண்டு மாரிக்குள்ள படலை சரிஞ்சு நிலத்தில இழுபடும். உங்கட மேசைக்கும் அதுதான் வேணும். பின்பக்கமும் ரெண்டு கரையும் சாய்வுச் சட்டம், முன்பக்கம் கால் நீட்ட இடம் வேணுமெண்டா மேல் மூலையள் ரெண்டிலயும் ஒரு அடி நீளத்தில முட்டுக் குடுங்கோ. பின்பக்கத்துக்கு சட்டத்துக்குப் பதிலா முழு பிளைவூட் சீற் ஒண்டைப் பசை போட்டு அடிச்சா இன்னும் திறம்.

மரமா இரும்பா எண்டது பிறகு வாற கேள்வி, ரெண்டும் சரிவரும். மரமெண்டா பழைய வீடு இடிக்கிற இடத்தில வாற முதிரை, வேம்பு கிடைச்சா விடாதேங்கோ, அது காய வேண்டியதெல்லாம் காய்ஞ்சு முடிஞ்ச மரம். புதுசா அரிஞ்ச வேம்பு காயக் காய முறுகும். கால் 4 இஞ்சிக்கு 4 இஞ்சி, மூட்டெல்லாம் ஊடுருவிப் போற 10 அல்லது 12 மில்லிமீற்றர் போல்ற்றும் பெரிய வாசரும். ஆணி வேண்டாம், அதிர்வில ஆணி கழண்டுகொண்டே வரும், போல்ற் எண்டா மாதத்துக்கு ஒருக்கா ஸ்பானரைப் போட்டு இறுக்கலாம். பனஞ் சிலாகை சாய்வுச் சட்டத்துக்கு நல்லாய் நிக்கும், ஆனா துளை போடாமல் எதையும் இறக்கினா பிளந்து போகும்.

இரும்பெண்டா 50 மில்லிமீற்றர் பொக்ஸ் பார், சுவர் மொத்தம் 3 மில்லிமீற்றர், மீற்றருக்கு நாலரைக் கிலோவுக்குக் கிட்ட வரும். வெல்டிங்காரரிட்ட ஒண்டை வடிவாச் சொல்லிப்போடுங்கோ: எல்லா மூலையையும் முதல்ல புள்ளி வெல்ட் வச்சு, மூலைக்கு மூலை ரேப் பிடிச்சு ரெண்டு அளவும் ஒண்டா எண்டு பார்த்த பிறகுதான் முழுசா ஒட்ட வேணும், அதுவும் ஒரே மூலையை முடிக்காமல் மாறி மாறி, இல்லாட்டி சூட்டில சட்டம் இழுத்துப்போடும். இரும்புக்கு ஒரு கெட்ட பழக்கம், ஸ்பிண்டில் (பிட்டைச் சுத்துற மோட்டர்) சத்தத்துக்கு அதுவும் சேர்ந்து கூவும், பாருக்குள்ள மணல் நிரப்பி வாயை அடைச்சா அடங்கும். கடல் மணல் மட்டும் வேண்டாம், உப்பு உள்ளயிருந்து தின்னும். நல்ல மணலையும் வெயிலில காய விட்டுப் போடுங்கோ.

மேல்பலகைக்கு 18 மில்லிமீற்றர் பிளைவூட் ரெண்டு. ரெண்டையும் சும்மா ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கினா விறைப்பு ரெண்டு மடங்குதான், முழுக்கப் பசை பூசி, பாரம் ஏத்தி ஒட்டினா ஒரு பலகையை விட எட்டு மடங்கு. அதே மரம், அதே காசு, பசைதான் வித்தியாசம். கீழ்த்தட்டில சீமெந்துக் கல்லோ மணல் பையோ அடுக்குங்கோ, ஒரு கன அடி காய்ஞ்ச மணல் 45 கிலோ கிட்ட வரும், ரெண்டு கன அடி போட்டா மேசை இடத்தை விட்டு அசையாது. ஆனா சாய்வுச் சட்டம் இல்லாத மேசைக்குப் பாரம் ஏத்திப் பிரயோசனம் இல்லை.

இனி முக்கியமான இடம். மேசை மேல் முறுகியிருந்தா, அதில மெசினை இறுக்கேக்க மெசினும் சேர்ந்து முறுகும், பிறகு கான்ட்ரி ஒரு கரையில லேசா ஓடி மற்றக் கரையில இறுகும். அதைப் பார்க்க நூல் காணும். ஒரு மூலையிலயிருந்து எதிர் மூலைக்கு ஒரு நூல், மற்ற ரெண்டு மூலைக்கும் இன்னொரு நூல், ரெண்டையும் விண் எண்டு இழுத்துக் கட்டுங்கோ. நடுவில ரெண்டும் ஒண்டையொண்டு தொட்டும் தொடாமலும் நிக்க வேணும். பிறகு மேல் நூலைக் கீழயும் கீழ் நூலை மேலயும் மாத்திப் பாருங்கோ, ஏனெண்டா கீழ் நூல் மேல் நூலைத் தள்ளிக்கொண்டு நிண்டாலும் முதல்முறை பார்க்கேக்க தொடுற மாதிரித்தான் தெரியும். நடுவில 1 மில்லிமீற்றர் இடைவெளி எண்டா ஒரு மூலை 2 மில்லிமீற்றர் பிசகி நிக்குது. காலுக்குக் கீழ ஏத்தி இறக்கிற போல்ற் பூட்டியிருந்தா (பூட்டுற விதம் அடுத்த பதிலில இருக்கு) அதைத் திருகி பிசகை எடுக்கலாம். அதுக்குப் பிறகு மெசினை வச்சு போல்ற்றுகளைக் கையால மட்டும் திருகி, எந்த மூலை தூக்கி நிக்குதோ அதுக்குக் கீழ பால்மாப் பேணித் தகரத்தில ஒரு துண்டு வெட்டிச் செருகிப்போட்டு பேந்து ஸ்பானரால இறுக்குங்கோ.

கேள்வி: நான் பருத்தித்துறைப் பக்கம். எங்கட விறாந்தை நிலம் தண்ணி ஓட எண்டு சரிவாய்ப் போட்டது. மேசை மட்டத்தில நிக்க வேணுமோ? காலுக்குக் கீழ றப்பர் போட்டா சத்தம் குறையும் எண்டுகினம், உண்மையோ?

பதில்: தங்கச்சி, மட்டம் பார்த்து மண்டையை உடைக்காதேங்கோ, கொஞ்சம் சரிவில நிண்டாலும் ரவுட்டர் ஒழுங்காத்தான் வெட்டும். நாலு காலும் நிலத்தில பாரத்தோட நிக்கிறதும், மேல்பலகை முறுகாமல் இருக்கிறதும்தான் வேணும். ஒவ்வொரு கால் அடியிலயும் 12 மில்லிமீற்றர் நட் ஒண்டை ஒட்டி, அதுக்குள்ள போல்ற்றை விட்டு ஏத்தி இறக்கிற மாதிரிச் செய்யுங்கோ. றப்பர் போடலாம், மெல்லிசா கட்டியா இருக்க வேணும். ஸ்பொஞ்ச், ரியூப் மாதிரி மெதுவானது போட்டா சத்தம் குறையும்தான், மேசை மிதக்கத் தொடங்கியிடும்.

எனக்குக் கவலை உங்கட நிலம் இல்லை, உங்கட விறாந்தை. கடற்காத்து அவ்வளவு கிட்ட, ரெயிலும் ஸ்குரூவும் கெதியா கறள் பிடிக்கும். ஏலுமெண்டா உள் அறைக்கு மாத்துங்கோ, ஏலாட்டி வேலை முடிய ஒவ்வொருக்காலும் எண்ணெய்த் துணியால துடைச்சு மூடி விடுங்கோ. மெசின் மேல போடுற எம்டிஎஃப் (மரநாரை அமத்தி ஒட்டின) பலகை ஐப்பசி கார்த்திகை ஈரத்தில ஊதும், அதுவும் வெட்டின ஓரத்தாலதான் ஈரம் கூட இழுக்கும், ஓரத்துக்கு ரெண்டு பூச்சு வார்னிஷ் அடிச்சு விடுங்கோ. மாரி முடிய பெரிய பிட்டைப் போட்டு முகத்தை அரை மில்லிமீற்றர் சீவி எடுத்தா திரும்பச் சமனாகும். சீவேக்க மாஸ்க் கட்டாயம், அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது.

கேள்வி: இரும்பு மேசை எண்டா கரண்ட் அடிக்குமோ? சுவிச்சுகளை எங்க பூட்டுறது? (சாவகச்சேரி)

பதில்: எர்த் ஒழுங்கா இருந்தா பயம் இல்லை. மெசின், ஸ்பிண்டில், மேசைச் சட்டம் மூண்டுக்கும் எர்த் வயர் போக வேணும், வீட்டு ட்ரிப் சுவிச் வேலை செய்யுதோ எண்டு அதின்ட ரெஸ்ற் பட்டனை அமத்திப் பாருங்கோ. எங்கட கரண்ட் 230 வோல்ற், விளையாடுற விசயம் இல்லை, வயரிங் தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுச் செய்விக்கவும். கன்ட்ரோல் பெட்டியை மேசைக்குக் கீழ வைக்காதேங்கோ, தூள் எல்லாம் அதுக்குள்ளதான் போகும், பக்கத்துச் சுவரில கொழுவுங்கோ. அவசரத்துக்கு நிப்பாட்டுற சிவப்பு பட்டன் மேசையின்ட முன்சட்டத்தில, கான்ட்ரிக்கு மேலால கை நீட்டாமல் எட்டுற இடத்தில இருக்க வேணும்.