நீதிபதி மார்ஷல் படித்த இடத்தில் மகள் படிக்கலாமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் மின்னஞ்சலை இரண்டு முறை படித்தேன். மகளுக்குப் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் லிங்கன் பல்கலைக்கழகத்தில், உயிரியல் இளநிலைப் படிப்புக்கு அட்மிஷன் வந்திருக்கிறது. கன்சல்டன்சிக்காரர் வாட்ஸ்அப்பில் "இங்கே படித்த பிரபலங்கள்" என்று ஒரு நீளமான பட்டியலை அனுப்பியிருக்கிறார். அதைக் காட்டினால் பெரியப்பா, "பேரே கேள்விப்படாத காலேஜுக்கு இவ்வளவு பணமா?" என்கிறார். நடுவில் மாட்டிக்கொண்ட நீங்கள், நகையை அடகு வைத்தாவது அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள்.

நகைக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். லிங்கன் என்ற பெயரில் பல பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. மிசௌரி மாநிலத்தில் ஒன்று, உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட கறுப்பினப் படைவீரர்கள் தங்கள் கைப்பணத்தைப் போட்டு 1866-ல் தொடங்கியது. இங்கிலாந்தில் ஒன்று, நியூசிலாந்தில் ஒன்று. ஆகவே ஆஃபர் லெட்டரில் உள்ள முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். உங்கள் மகளுக்குக் கிடைத்தது பிலடெல்பியாவுக்குத் தென்மேற்கே, செஸ்டர் கவுண்டியில், ஆக்ஸ்போர்டு என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. (நீங்கள் நினைக்கும் ஆக்ஸ்போர்டு அல்ல.) 1854-ல் ஆஷ்மன் இன்ஸ்டிடியூட் என்று தொடங்கி, 1866-ல் லிங்கன் பெயரைச் சூட்டிக்கொண்டது. கறுப்பின மாணவர்களுக்கு உயர்கல்வி தருவதற்கென்றே எழுந்த முதல் சில நிறுவனங்களில் ஒன்று. 1972 முதல் பென்சில்வேனியா அரசின் நிதியுதவியும் உண்டு. மாணவர் எண்ணிக்கை 2,000 அளவில்தான். நம்மூர்க் கலைக் கல்லூரிகள் பலவற்றில் இதைவிடக் கூட்டம் அதிகம்.

பெரியப்பா கேள்விப்படவில்லை என்பது ஒரு குறையே இல்லை. தமிழ் படித்தவர்களுக்கு வின்ஸ்லோ அகராதி தெரிந்திருக்கும், 1862-ல் வந்தது. அதைத் தொகுத்த மைரன் வின்ஸ்லோ பட்டம் வாங்கியது வெர்மான்ட் மாநிலத்து மிடில்பரி என்ற சின்னக் கல்லூரியில். அகராதியைப் புரட்டிய எத்தனை பேருக்கு மிடில்பரி தெரியும்?

ஆனால் பட்டியலைப் பார்த்து நீங்களும் மயங்க வேண்டாம். இப்படிப்பட்ட பட்டியல்களில் மூன்று வகை ஆட்கள் கலந்திருப்பார்கள்: படித்துப் பட்டம் வாங்கியவர்கள், கொஞ்ச நாள் படித்துவிட்டுப் போனவர்கள், கௌரவப் பட்டம் வாங்க ஒரு நாள் வந்துபோனவர்கள். ஐன்ஸ்டைன் 1946-ல் லிங்கனுக்கு வந்து கௌரவப் பட்டம் பெற்றார், மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்தார். நல்ல செய்திதான். அதற்காக அவர் அங்கே படித்தவர் ஆகிவிட மாட்டார். பாடகர் கில் ஸ்காட்-ஹெரன், கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் படித்த இடம் என்பதாலேயே லிங்கனைத் தேடி வந்தவர். பட்டத்தை முடிக்காமலே போனார். இவர்களை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் மிச்சமிருப்பது உண்மையிலேயே பிரமாதமான பட்டியல். 1929, 1930 என்ற இரண்டே ஆண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

1929-ல் பட்டம் வாங்கியவர் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ். அவர் முதலில் சேர்ந்தது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில். பெரியப்பா கேட்டால் எழுந்து நின்று கை தட்டுவார். அங்கே ஓராண்டுக்கு மேல் ஒட்டவில்லை. வெளியேறிக் கப்பலில் வேலை பார்த்தார், ஊர் ஊராகச் சுற்றினார். 1926-ல் லிங்கனில் சேர்ந்தபோது அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு வெளிவந்துவிட்டது. அதாவது லிங்கன் அவரைக் கவிஞர் ஆக்கவில்லை. உட்கார்ந்து எழுத ஓர் இடம் கொடுத்தது, அவ்வளவுதான். அதுவும் சும்மா இல்லை. அவர் கடைசி ஆண்டில் மாணவர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தினார். கறுப்பின மாணவர்கள் படிக்கும் கல்லூரியில் அன்று பாடம் நடத்தியவர்கள் அனைவரும் வெள்ளையர்கள். அது அப்படியே இருக்கட்டும் என்று பெரும்பாலான மூத்த மாணவர்களே சொன்னதை அவர் அம்பலப்படுத்தினார். அந்தக் கல்லூரிக்கு ஒரு கறுப்பினத் தலைவர் வர 1945 ஆனது. வந்தவர் ஹோரஸ் மான் பாண்ட், 1923-ல் அங்கேயே பட்டம் பெற்றவர்.

1930-ல் இரண்டு பேர். ஒருவர் நம்டி அசிகிவே. நைஜீரியாவிலிருந்து வந்து படித்தவர், பின்னாளில் அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர். இவர் கதையில் உங்களுக்குப் பயன்படும் ஒரு விஷயம் இருக்கிறது. படிப்பை முடித்து மேற்கு ஆப்பிரிக்கா திரும்பியவர், இன்றைய கானாவின் அக்ராவில் பத்திரிகை ஆசிரியராக இருந்தார். அவரால் ஈர்க்கப்பட்ட ஓர் இளம் ஆசிரியர் 1935-ல் அதே லிங்கனுக்குக் கிளம்பினார். அவர்தான் குவாமே நிக்ரூமா. 1939-ல் இளநிலைப் பட்டம், 1942-ல் இறையியல் பட்டம். விடுமுறைகளில் கப்பலில் பாத்திரம் கழுவினார், நியூயார்க்கின் ஹார்லெம் தெருக்களில் மீன் விற்றார். 1957-ல் கானா விடுதலை பெற்றபோது அவர் பிரதமர். கவனியுங்கள்: நிக்ரூமாவை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது விளம்பரம் அல்ல, அங்கே படித்துத் திரும்பிய ஒரு மனிதர். உங்கள் மகளுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். இப்போது அங்கே படிக்கும் இந்திய மாணவர் ஒருவரோ, சமீபத்தில் முடித்த வெளிநாட்டு மாணவர் ஒருவரோ. பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டால் பேச ஏற்பாடு செய்வார்கள். செய்யவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

1930-ன் இன்னொருவர் தர்குட் மார்ஷல், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. லிங்கனில் ஆரம்பத்தில் அப்படியொன்றும் சமர்த்துப் பிள்ளை இல்லை. ஜூனியர் மாணவர்களை ராகிங் செய்து சஸ்பெண்ட் ஆனவர். அப்புறம் விவாத அணியில் சேர்ந்தார், படிக்கும்போதே கல்யாணமும் ஆனது, ஆள் மாறினார். சட்டம் படிக்க விரும்பியபோது, சொந்த ஊர்ப் பல்கலைக்கழகமான மேரிலாண்டின் கதவு கறுப்பினத்தவருக்கு மூடியிருந்தது. பால்டிமோரிலிருந்து தினமும் ரயிலேறி வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் சட்டக் கல்லூரிக்குப் போனார் (ஹார்வர்ட் இல்லை, ஹோவர்ட்). 1933-ல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே அதே மேரிலாண்ட் சட்டக் கல்லூரி மீது வழக்குப் போட்டு, ஒரு கறுப்பின மாணவருக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். பள்ளிகளில் நிறப் பாகுபாட்டை ஒழித்த 1954-ன் தீர்ப்பு அவர் வாதாடியது. 1967-ல் உச்ச நீதிமன்றம்.

சரி, இந்த இரண்டு ஆண்டுகளில் ஏன் இப்படி ஒரு கூட்டம்? லிங்கனின் ஆசிரியர்களில் பலர் வந்த பிரின்ஸ்டனே 1940-கள் வரை கறுப்பின இளநிலை மாணவர்களைச் சேர்த்ததில்லை. போக வழியில்லாத திறமைசாலிகள் திறந்திருந்த சில கதவுகளில் குவிந்தார்கள். இன்று கதவுகள் வேறு. ஆகவே அந்தப் பட்டியல் அன்றைய அமெரிக்காவைப் பற்றி நிறையச் சொல்கிறது. 2030-ல் உங்கள் மகளுக்கு என்ன நடக்கும் என்பதைச் சொல்வது அதன் வேலையே இல்லை. இன்னொன்றும் பாருங்கள்: பழைய பெயர்கள் எல்லாம் ஆண்கள். பெண்களுக்கு அங்கே முறையாக வாசல் திறந்தது 1950-களில்தான். அதற்குப் பின் வந்தவர்களில் லிலியன் ஃபிஷ்பர்ன் ஒருவர். 1971-ல் சமூகவியல் பட்டம், 1998-ல் அமெரிக்கக் கடற்படையில் ரியர் அட்மிரல் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண்.

உயிரியல் என்பதால் இன்னும் இரண்டு பெயர்கள். நேதன் மோசெல் லிங்கனில் 1879-ல் முடித்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். ஹில்ட்ரஸ் பாயின்டெக்ஸ்டர் 1924-ல் முடித்து, ஹார்வர்டில் மருத்துவமும் கொலம்பியாவில் நுண்ணுயிரியல் முனைவர் பட்டமும் பெற்று, வெப்பமண்டல நோய்களில் நிபுணர் ஆனார். பட்டியலில் இருக்கும் பலருக்கும் இதே கதைதான்: லிங்கன் முதல் படி, பெயர் வாங்கித் தந்தது இரண்டாவது படி. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, கடந்த மூன்று ஆண்டுகளில் உயிரியல் முடித்தவர்கள் எங்கே மேற்படிப்புக்குச் சேர்ந்தார்கள், அதில் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர் என்பதுதான். உயிரியல் துறைக்கு மகளே எழுதட்டும், ஏஜென்ட் வேண்டாம். முதலாண்டு மாணவர்களுக்கு ஆய்வகத்தில் பேராசிரியரோடு வேலை செய்ய வாய்ப்பு உண்டா என்றும் கேட்கட்டும். சின்னக் கல்லூரிக்குப் போவதன் பெரிய லாபமே அதுதான்.

"உயிரியல் முடித்தால் அங்கேயே டாக்டர் ஆகிவிடலாம்" என்று கன்சல்டன்சியில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதை நம்பிப் போகாதீர்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதே இல்லை, சேர்க்கும் சிலவற்றிலும் இடம் கிடைப்பது அபூர்வம். மோசெலும் பாயின்டெக்ஸ்டரும் அமெரிக்காவிலேயே வளர்ந்தவர்கள். மகளுடைய கனவு மருத்துவம் மட்டுமே என்றால் இந்தத் திட்டத்தையே மறுபடி யோசிக்க வேண்டும். ஆராய்ச்சி என்றால் விஷயம் வேறு. உயிரியலில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தால் அங்கே பொதுவாகக் கட்டணம் தள்ளுபடி, மாதாமாதம் உதவித்தொகையும் கிடைக்கும்.

கல்லூரிகளின் விவரங்களை அமெரிக்கக் கல்வித் துறையின் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் பட்டம் முடிக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். சம்பளக் கணக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது அரசு நிதியுதவி வாங்கிய மாணவர்களை வைத்துப் போட்டது, வெளிநாட்டு மாணவர்கள் அதில் இல்லை. சென்னையில் உள்ள எஜுகேஷன்யுஎஸ்ஏ மையத்திலும் பேசலாம்.

இப்போது பணம். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தில் ஓராண்டுச் செலவு அச்சிட்டிருக்கும். அதை நான்கால் பெருக்கி, ஆண்டுதோறும் கட்டணம் ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்காலர்ஷிப் தந்திருந்தால் அது நான்கு ஆண்டுக்குமா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நின்றுவிடும் என்று எழுத்தில் வாங்குங்கள். பகுதிநேர வேலையை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான். முடித்தபின் ஓராண்டு வேலை அனுமதி, உயிரியல் என்பதால் மேலும் 24 மாத நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கப்புறம் எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல்.

நகை. மார்ஷலின் அம்மா நார்மா பள்ளி ஆசிரியை. மகன் படிப்புக்காகத் தன் கல்யாண மோதிரத்தையும் நிச்சயதார்த்த மோதிரத்தையும் அடகு வைத்தவர். ஆனால் எப்போது வைத்தார் என்று பாருங்கள். லிங்கனுக்கு அல்ல, சட்டக் கல்லூரிக்கு. உங்கள் நகை இப்போதைக்கு லாக்கரிலேயே இருக்கட்டும். ஸ்காலர்ஷிப் போக மிச்சம், உங்கள் சேமிப்புக்கும் அளவான கல்விக் கடனுக்கும் உள்ளே அடங்கினால் அனுப்பலாம். அடங்கவில்லை என்றால், இளநிலையை இங்கே நல்ல கல்லூரி ஒன்றில் முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்கு அங்கே விண்ணப்பிக்கும் வழி அப்படியே திறந்திருக்கிறது. என் சொந்த ஓட்டு அதற்குத்தான், ஆனால் மகளின் மதிப்பெண் பட்டியலைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இந்த வாரமே துறைக்கும் பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் மகளை எழுதச் சொல்லுங்கள். பதில் வந்ததும் ஐ-20, ஸ்காலர்ஷிப் கடிதம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் மூன்றையும் எனக்கு அனுப்புங்கள். பெரியப்பாவையும் போனில் உட்கார வைத்துப் பேசுவோம்.