அம்மாயியின் காது

ஐயாவுக்கு வணக்கம்.

நான் ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவள். இப்போது கொழும்பில் வேலை. சில மாதங்களாக ஏஐ படச் செயலிகளில் என்னையே விதவிதமாக வரைந்து பார்க்கிறேன். வழக்கறிஞராக, விமானியாக, சோழ இளவரசியாகக்கூட. 'இலங்கை மலையகத் தமிழ்ப் பெண்' என்று எழுதினால் மட்டும் கூடை சுமந்து சிரிக்கிற பெண்தான் வருகிறாள். கூடை வேண்டாம் என்று எழுதினேன். முதுகிலிருந்த கூடை இடுப்புக்கு வந்தது.

என் அம்மாயி, அம்மாவின் அம்மா, இறந்து பல வருஷமாகிறது. அவரின் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் எங்களிடம் உண்டு. அதைக் கொடுத்து நாற்பது படங்கள் செய்தேன். செயலி தோலை வெளுப்பாக்கிவிட்டது. பாம்படம் போட்டுத் தொங்கிய காதைச் சாதாரணக் காதாக்கிவிட்டது. ஆனாலும் படம் அழகு. பார்த்துவிட்டு அம்மா அழுதுவிட்டார். இப்படிச் செய்யும் முகங்களில் நம்மை நாம் கண்டுகொள்ள முடியுமா, இல்லை இது வெறும் ஏமாற்றா? ஃபேஸ்புக்கில் எந்த முகத்தைப் போடுவது என்றே குழப்பமாக இருக்கிறது. ஓவியர்களின் உழைப்பைத் திருடுகிறோம் என்கிறார்களே, அதுவும் உறுத்துகிறது.

ஒரு வாசகி, கொழும்பு

*

அன்புள்ள மகளுக்கு,

ஓவியர்களின் வழக்கை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். தோல் வெளுத்ததைப் பற்றியும் பேசப்போவதில்லை. அந்த வேலையை நம் கலியாண வீட்டுப் படக்காரர்கள் கணினி வருமுன்பே பவுடரிலும் தூரிகையிலும் செய்து பழகியவர்கள்.

இளவரசியாக நின்று பார்த்ததற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டுத் தொங்கும். மலையகத் தமிழரை இரண்டு நாடுகளும் பங்குபோட்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கென்று கணக்கு எழுதப்பட்ட 525,000 பேருக்குள் எங்கள் சித்தப்பா குடும்பமும் இருந்தது. கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகிற வாரம் எல்லோரும் படம் எடுத்தோம். அப்பா, சித்தப்பா, மாமா மூவரும் ஆளுக்கொரு படத்தில் அதே கோட்டோடு நிற்கிறார்கள். முதுகில் துணி காயப்போடும் கவ்வியால் இறுக்கியது. படத்தில் வராத இடுப்புக்குக் கீழே சாரம். பின்னால் சீலையில் வரைந்த தாஜ்மஹால். இந்தியாவுக்குப் போகிறவருக்கும் அதே தாஜ்மஹால், காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் போகிறவருக்கும் அதே தாஜ்மஹால். அதை ஏமாற்று என்று யாரும் சொன்னதில்லை. சித்தப்பா அந்தப் படத்தை மார்போடு வைத்துக்கொண்டுதான் ரயில் ஏறினார்.

ஆகவே முகத்தை விடுங்கள். எனக்கு உறுத்தியது வேறொன்று. உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். எத்தனை படம் செய்தீர்கள், என்ன வார்த்தை கொடுத்தீர்கள், கூடை எங்கிருந்து எங்கே போனது, எல்லாம் இருக்கிறது. அம்மாயியின் பெயர் இல்லை.

கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அந்தச் செயலி படத்தை மட்டும் பார்த்துப் பழகியதில்லை. படமும் அதற்கு யாரோ எழுதி வைத்த வரியும் ஜோடியாகத்தான் அதற்குள் போயிருக்கின்றன. 2022இல் வந்த ஒரு தொகுப்பில் அப்படி 585 கோடி ஜோடிகள். அதன் பெயர் லயன். (நாம் பிறந்த தோட்டத்து வரிசை வீடான லயன் வேறு. இதில் காம்பரா ஒழுகாது.) ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படச் செயலி அந்த லயனில் ஆங்கில வரியுள்ள பக்கத்தைப் படித்துத்தான் வளர்ந்தது. நீங்கள் ஒரு வார்த்தை கொடுத்தால், டீவியில் ஒளிபரப்பு முடிந்த பிறகு தெரியுமே, அந்தப் புள்ளி மழை, அதிலிருந்து தொடங்கி, அந்த வார்த்தையோடு பழகிய உருவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தெடுக்கும். கூடை வேண்டாம் என்று எழுதினீர்கள். அதன் காதில் 'கூடை' விழுந்தது, 'வேண்டாம்' விழவில்லை.

சரி, நம் படங்களுக்குக் கீழே வரி எழுதியவர் யார்? கொழுந்தெடுத்தவள் எழுதவில்லை. தபால் அட்டை விற்றவர் எழுதினார், தேயிலைப் பெட்டிக்கு விளம்பரம் செய்தவர் எழுதினார், நானுஓயாவில் இறங்கி அரை நாள் சுற்றியவர் எழுதினார். 'தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண், சிலோன்.' அவ்வளவுதான். நூறு வருஷமாக ஒரே வரி, பெண்கள் மட்டும் மாறிக்கொண்டிருந்தார்கள்.

பொகவந்தலாவை தேவாலயத்துக் கல்லறையில் ஜூலியா மார்கரெட் கெமரன் கிடக்கிறார். இங்கிலாந்தில் டார்வினையும் டெனிசனையும் படமெடுத்த பெரிய கலைஞர். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவில் இறந்தார். களுத்துறை வீட்டில் இருந்தபோது விருந்தாளியாக வந்த ஓவியர் மரியான் நோர்த்தைப் படமெடுத்தார். அந்தப் படத்துக்குப் பெயர் மரியான் நோர்த். அடுத்த வருஷம் அங்கே இந்த மண்ணின் ஆட்களையும் நிறுத்தி எடுத்தார். அதற்குப் பெயர் 'களுத்துறைக் குடியானவர்கள் கூட்டம்'. வெளிச்சத்தில் குறை வைத்தவரில்லை அவர்.  பெயரைக் கேட்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. கேட்கவில்லை.

அவர் கேட்கவில்லை, சரி. தபால் அட்டைக்காரர் கேட்கவில்லை, சரி. நீங்களும் நானும்?

திட்டுகிற தகுதி எனக்கு உண்டா என்று கேட்டால், இல்லை. அப்பாயி செத்த பிறகுதான் அவள் பெயர் எனக்குத் தெரிந்தது. வீட்டில் அப்பாயி, லயத்தில் ஆயா, தோட்டத்து வேலையாள் பதிவான செக்ரோலில் ஒரு நம்பர். பெரியவர்கள் பெயரை வாயால் சொல்வது நம் வழக்கமில்லை, கேட்பதும் வழக்கமில்லை. சேமலாப நிதிக்காக மரணச் சான்றிதழோடு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு கடதாசியில் இரண்டு பெயர். ஒன்றில் கடைசியில் 'யி' இருந்தது, மற்றதில் இல்லை. தமிழ் தெரியாத யாரோ காதில் விழுந்தபடி எழுதியது. "இரண்டு பேரா, ஒரு ஆளா?" என்று மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். சமாதான நீதவானைத் தேடிப் போய்ச் சத்தியக் கடதாசி முடித்து, ஐந்து தடவை பஸ் ஏறி, ஒரே ஆள்தான் என்று நிரூபித்தேன். நாற்பது வருஷம் மலையில் நின்றவளை, ஒரு எழுத்துக்காக. அன்று பஸ்ஸில் வரும்போது அந்த இரண்டில் எது சரியென்று எனக்கே தெரியவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவைக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆயின்னுதாம்பா கூப்புடுவோம்" என்றார்.

அதனால்தான் உங்கள் கடிதம் என்னைப் பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு வீட்டுக்குப் போவீர்கள்தானே? அந்த அட்டையை வெளியே எடுங்கள். அதில் சிங்களத்தில் எழுதியிருக்கும் பெயரையும் அம்மா வாயில் வரும் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் இரண்டையும் எழுதி வையுங்கள். நாற்பது படத்தையும் அழிக்கச் சொல்லவில்லை. அம்மா அழுத படத்தை அழிக்கச் சொல்ல நான் யார்? ஆனால் ஒவ்வொன்றின் கீழும் ஊர், தோட்டம், பெயர் எழுதி, இது செயலி செய்தது என்றும் எழுதுங்கள். பழைய படத்தின் கீழ் இது அம்மாயி என்று எழுதுங்கள்.

ஃபேஸ்புக் முகம் கேட்டீர்கள். விமானியைப் போடுங்கள், எனக்கென்ன.

இன்னொன்றையும் அம்மாவிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். அம்மாயி மலையில் நிற்கும்போது காதை என்ன செய்வார்? எங்கள் அப்பாயி பாம்படத்தை விற்ற பிறகு வெறுங்காதோடுதான் கொழுந்துக்குப் போனாள். தேயிலை வாதில் மாட்டிக் கிழிந்துவிடும் என்று, தொங்கும் காதை மேலே தூக்கி, காதிலேயே கொளுவிவிட்டு, அதற்கு மேல் தலைத்துணியைக் கட்டுவாள். பின்னேரம் கொழுந்தை எடை போட்ட பிறகுதான் அவிழ்ப்பாள். அவிழ்த்ததும் காது இரண்டும் கீழே விழுந்து ஆடும். நாங்கள் அதைப் பார்க்கவே நிறுவைக்களத்துக்கு ஓடுவோம்.